கம்பைலர் வாயில் கொழுக்கட்டை

பதில் வராத இடத்தில் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும். இது நோய் இல்லை, வளர்ப்பு. போனை எடுக்காதவர்களை மறுபடி மறுபடி கூப்பிடுவேன். ஐந்தாவது தடவை எடுத்து, "குளிச்சிக்கினு இருந்தேன்" என்று சொன்ன ஒரு தோழியிடம், "அங்கருந்தே ஒரு குரல் குடுக்கறதுக்கு இன்னா?" என்று சண்டை போட்டிருக்கிறேன். கடையில் அரைக் கிலோ ரவை என்று கேட்டால், கடைக்காரரும் அரைக் கிலோ ரவை என்று ஒரு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் பொட்டலம் கட்டினால் அது என்னுடைய ரவைதானா என்று சந்தேகம் வரும். இரண்டாவது தடவை கேட்பேன். மூன்றாவது தடவை கொஞ்சம் சத்தமாகக் கேட்பேன். எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ் கடைத்தெருவில் என்னைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

காரணம் என் அப்பா. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடும் வரையில் அவர் அங்கே வைண்டிங் எஞ்சின் டிரைவராக இருந்தார். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டை, ஷாப்ட் என்ற செங்குத்துக் குழிக்கு மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வேலை. ஓட்டுகிறாரே தவிர கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. அது பூமிக்குள் எங்கேயோ ஒரு லெவலில் நின்றுகொண்டிருக்கும். அங்கே நிற்பவருக்கும் இவருக்கும் நடுவில் மணிச் சத்தம் ஒன்றுதான் பேச்சு. கீழேயிருந்து மூன்று அடித்தால் ஆள் ஏறப்போகிறது என்று அர்த்தம். மேலேயிருந்து அதே மூன்று திரும்பி வந்தால்தான் கூண்டில் கால் வைக்கலாம். வராவிட்டால் வைக்கக் கூடாது. வீட்டில் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்றாலும் வைக்கக் கூடாது.

இந்தச் சட்டம் ஷாப்டோடு நின்றிருந்தால் எனக்குக் கவலையில்லை. அப்பா அதை டிபன் கேரியரோடு வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீட்டில் "சாப்பாடு ரெடி" என்று ஒருவர் சொன்னால், மற்றவர்கள் இருந்த இடத்திலிருந்து "சாப்பாடு ரெடி" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தட்டில் சோறு விழும். நான் முதல் வகுப்பு சேர்ந்தபோது டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டார். நானும் டீச்சரைப் போலவே கணீரென்று என் பெயரைத் திருப்பிக் கூப்பிட்டேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து வெளியே நிற்க வைத்தார்கள். விஷயத்தைக் கேள்விப்பட்ட அப்பா, தப்பு டீச்சர் மேல்தான் என்று இன்றுவரை சொல்கிறார்.

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்த கணவர் ஒரு மௌனச் சாமியார். பெங்களூரில் வேலை. விடியற்காலை ரயிலில் போய் இருட்டிய பிறகு வருவார். நான் அனுப்பும் மெசேஜ்களைப் படித்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் தெரியும். அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய கடிதம். கல்யாணமான புதிதில் அந்த நீலக் கோடுகளைப் பார்த்துப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். பிறகு திட்ட ஆரம்பித்தேன். திட்டுக்கும் நீலக் கோடுதான் வந்தது.

நானும் நான்கு வருடம் அதே ரயிலில் போய்வந்தவள்தான். ஒரு சாப்ட்வேர் கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் என்ன தப்பு இருக்கிறது என்று தேடிச் சொல்கிற வேலை. வேலை மோசமில்லை. போய்வருவதுதான் உயிரை வாங்கியது. பங்காருப்பேட்டை தாண்டும்போதே உட்கார இடம் இருக்காது. ஜன்னலோர சீட்டுக்காக ஒரு அம்மாளும் நானும் நான்கு வருடம் பேசிக்கொள்ளாமல் பகைமை காத்தோம். அப்பாவை நான் எழுப்பாமல் கிளம்புவேன். திரும்பும்போது அவர் தூங்கியிருப்பார். அடுப்பு மேல் மூடிவைத்த சோற்றைப் பார்த்துத்தான் அவர் அன்றைக்குச் சாப்பிட்டாரா இல்லையா என்று தெரிந்துகொள்வேன். சாயங்கால வெயில் எங்கள் வீட்டு எந்தச் சுவரில் விழும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒருநாள் நின்றபடியே தூங்கி, பக்கத்தில் இருந்தவர் தோளில் முட்டி விழுந்த பிறகு வேலையை விட்டேன்.

அப்போதுதான் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சர் தேவை என்று தெரிந்தது. வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். நாலு மணிக்கு மணி அடித்தால் நாலேகாலுக்கு வீட்டில் இருக்கலாம். நான் அந்த வேலைக்கு எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். பள்ளியின் தலைமை ஆசிரியை ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு ஜாவா பாடம் எடுக்க வேண்டும். மாதக் கடைசியில் பெங்களூரிலிருந்து இந்தப் பாடம் தெரிந்த ஒருவர் வந்து என் வகுப்பைப் பார்ப்பார். அவர் சரி என்றால் வேலை எனக்கு. இல்லையென்றால் இன்னொரு பெண் விண்ணப்பம் போட்டிருக்கிறாள், அவளுக்கு. எனக்கு ரயில்.

ஜாவா தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். அது முழுப் பொய் இல்லை. கம்பெனியில் நான் தினமும் ஜாவாவை ஓட்டியிருக்கிறேன். திரையின் மேல் மூலையில் பச்சை முக்கோணம் ஒன்று இருக்கும்; அதை அழுத்தினால் புரோகிராம் ஓடும். அந்த முக்கோணத்தை நம்பித்தான் தெரியும் என்று சொன்னேன். மறுநாள் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையைத் திறந்து காட்டினார்கள். பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், பன்னிரண்டும் கிழடு. பச்சை முக்கோணம் இருக்கிற பெரிய சாப்ட்வேரை ஏற்றினால் மூச்சு வாங்கிப் படுத்துவிடும் என்றார் அட்டெண்டர். கறுப்பு ஜன்னலைத் திறந்து கட்டளையைக் கையால் தட்டித்தான் எல்லாம் செய்ய வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் பயிற்சியை ஆரம்பித்தேன். ஹாலில் புத்தர் படத்துக்குக் கீழே மேஜை. பேசாமல் இருந்தே எங்கள் வீட்டில் மரியாதை வாங்கியவர் அவர் ஒருவர்தான். நாலு வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிச் சேமித்தேன். நாம் எழுதியதை வாங்கிப் படித்து, கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய இன்னொரு கோப்பாக மாற்றிக் கொடுப்பதுதான் கம்பைலர். இதன் பெயர் ஜாவாசி. கறுப்பு ஜன்னலில் ஜாவாசி என்று அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரை அடித்து, என்டர் தட்டினேன்.

ஒன்றும் வரவில்லை. வெள்ளைக் கோடு மட்டும் அடுத்த வரிக்கு இறங்கி நின்று கண்ணடித்தது.

மறுபடி மறுபடி அடித்தேன். மறுபடியும் இறங்கி நின்று கண்ணடித்தது. சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. "வாயில இன்னா கொழுக்கட்டயா?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினேன். சத்தம் கேட்டு அப்பா உள்ளே வந்தார்.

"இன்னாமா பண்ணிக்கினு கீற?"

"மிஷினுக்கு சிக்னல் குடுக்கறேன்ப்பா."

"திரும்பி வந்திச்சா?"

"வர்ல."

"எத்தினி தபா குடுத்த?"

"பதினொண்ணு."

அப்பாவின் முகம் மாறியது. "பதினொண்ணுன்னு ஒரு சிக்னலே கெடையாதேமா" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையை முறைத்தார். "அப்ப ஏறாத. பிட்டர கூப்பிடு."

வீட்டில் மிஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டர் என்று சொல்லக்கூடியவர் என் கணவர்தான். அவர் மதியத் தூக்கத்தில் இருந்தார். உலுக்கி எழுப்பிக் கூட்டிவந்தேன். லுங்கியைக் கட்டிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்லல இல்ல? அப்ப ஆச்சி."

"இன்னா ஆச்சி?"

"கம்பைல் ஆச்சி. தப்பு இருந்தாத்தான் அது பேசும். எல்லாம் சரியா இருந்தா பேசாது."

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீண்ட வசனம் அது. சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. உலகத்தில் தன்னைப் போல் இன்னொரு ஜீவன் இருக்கிறது என்ற பெருமை. பத்து வருடமாக என் சமையலைப் பற்றி இவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. சமையல் நன்றாக இருந்திருக்கிறது.

அப்பா விடுவதாக இல்லை. "இது இன்னா நியாயம் மாப்பிள? பதில் வர்லன்னா ரெண்டு காரணம் கீது. ஒண்ணு, எல்லாம் சரியா கீது. இன்னொண்ணு, பதில் குடுக்குற ஆளு செத்துட்டான். இதுல எதுன்னு எப்டி கண்டுபுடிப்பீங்க?"

மாப்பிள்ளை இதற்கு வழக்கம்போல் பதில் சொல்லாமல் தூங்கப் போய்விட்டார். அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆகவே கம்பைலர் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜாவாவில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அரைப்புள்ளி வைக்க வேண்டும். வேண்டுமென்றே ஒரு அரைப்புள்ளியை எடுத்துவிட்டு ஜாவாசியைத் தட்டினேன். உடனே வாயைத் திறந்தது பாருங்கள். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, அங்கே என்ன இருந்திருக்க வேண்டும், எல்லாவற்றையும் கொட்டியது. அந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு கூர்முனை போட்டுக் காட்டியது. கடைசியில் தப்பு ஒன்று என்று எண்ணிச் சொன்னது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அரைப்புள்ளியைத் திருப்பி வைத்துத் தட்டினேன். மௌனம். ஆனால் இப்போது இது உயிரோடு இருக்கிறவனின் மௌனம். அப்பாவும் அரை மனதாகத் தலையாட்டினார்.

அன்றிலிருந்து எதைக் கம்பைல் செய்தாலும் முதலில் ஒரு அரைப்புள்ளியை எடுத்துவிட்டு ஒரு கிள்ளு கிள்ளிப் பார்ப்பேன். கத்தினால் திருப்தி. பிறகு அதை வைத்துத் தட்டுவேன். ஒரு வேலைக்கு இரண்டு வேலை. அதில் ஒரு ஆபத்தும் இருந்தது. சில சமயம் எந்த அரைப்புள்ளியை எடுத்தேன் என்று மறந்துபோய், கம்பைலர் காட்டிக்கொடுத்த பிறகே கண்டுபிடித்திருக்கிறேன்.

இரண்டாவது வாரத்தில் இதைவிட நல்லது ஒன்று கிடைத்தது. ஜாவாசிக்கும் கோப்பின் பெயருக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டு வெர்போஸ் என்று ஆங்கிலத்தில் சேர்த்தால், அந்தக் கல்லுளிமங்கன் வாயாடியாகிவிடும். இந்தக் கோப்பைப் படிக்கிறேன், படித்து முடித்தேன், இதை ஏற்றுகிறேன், அதை ஏற்றுகிறேன், இப்போது சரிபார்க்கிறேன் என்று வரிவரியாகத் திரை வழிய வழியச் சொல்லும். கடைசிக்கு முந்தின வரியில், இதோ எழுதிவிட்டேன் என்று புதுக் கோப்பின் பெயரையும் சொல்லும். எத்தனை நொடி ஆயிற்று என்று கணக்கும் தரும். நான் அதை ஓட்டிக் காட்டியபோது அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"இவன்தாம்மா ஆளு" என்றார். "அந்தப் பழயவன வேலைய உட்டு தூக்கிடு."

இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நான் சொல்லவில்லை. என் கணவர்தான் காரியத்தைக் கெடுத்தார். மாதக் கடைசி நெருங்கும்போது, ரயிலிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்பினார். அவரிடமிருந்து அந்த வருடம் வந்த முதல் மெசேஜ் என்று நினைக்கிறேன். 'பாக்க வர்றவர் முன்னாடி வெர்போஸ் போடாத. சிரிப்பாரு. நேத்து கத்துக்கினவங்கதான் அத்த போடுவாங்க.' நான் நிஜமாகவே நேற்றுக் கற்றுக்கொண்டவள் என்பதால் பயம் பிடித்துக்கொண்டது. கிள்ளலும் கூடாது, வெர்போஸும் கூடாது. பெரிய மனுஷியாக ஒரே தட்டில் கம்பைல் செய்து, மௌனத்தைச் சட்டை செய்யாமல் ஓட்டிக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

அந்த நாள் வந்தது. கம்ப்யூட்டர் அறைச் சுவரில் பெரிய டிவியை மாட்டி, என் கம்ப்யூட்டரை அதோடு இணைத்திருந்தார்கள். மிஷினுக்கு இரண்டு பேராகப் பிள்ளைகள். பின்னால் மூன்று நாற்காலிகள். ஒன்றில் தலைமை ஆசிரியை. இன்னொன்றில் பள்ளியின் தாளாளர், எழுபது வயதுப் பெரியவர். இருவருமே கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில் வளர்ந்த சுரங்கத்துப் பிள்ளைகள். மூன்றாவது நாற்காலியில் பெங்களூர்க்காரர். இஸ்திரி கலையாத சட்டை, மடியில் ஒரு பை, கையில் குறிப்பெடுக்க நோட்டு. தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுகிறவர். பார்த்தால் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நான்தான் அவரை எமனைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

முதல் அரை மணி நேரம் பிரமாதமாகப் போயிற்று. ஜாவாவில் கிளாஸ் என்றால் வரைபடம், ஆப்ஜெக்ட் என்றால் அந்த வரைபடத்தை வைத்துக் கட்டிய பொருள். இதை நான் லைன் வீடுகளை வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பெங்களூர்க்காரர் ஒரு பிள்ளையை எழுப்பிக் கேட்டார்.

"கம்பெனிக்காரன் போட்ட ஒரே பிளான் சார் கிளாஸு. அத்த வச்சி கட்ன ஒவ்வொரு வூடும் ஆப்ஜெக்ட்டு. எங்க வூட்டுக்குப் பச்ச பெயின்ட்டு, இவன் வூட்டுக்கு ரோஸு. பிளான் ஒண்ணுதான்."

"பப்ளிக், பிரைவேட் அப்டின்னா?"

"தெருக் கொழா பப்ளிக் சார். எங்கம்மாவோட டிரம்மு பிரைவேட். தொட்டா அடி."

"வெரி குட். இன்ஹெரிடன்ஸ்?"

"தாத்தா வூடு அப்பாவுக்கு வரணும் சார். இன்னும் பட்டா வர்ல."

தாளாளர் சத்தமாகச் சிரித்தார். பெங்களூர்க்காரர் நோட்டில் ஏதோ எழுதினார். அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் வீடு என்ற கிளாஸை டிவியில் தெரியும்படி அடித்து முடித்தேன். சேமித்தேன். இரண்டு முறை சேமித்தேன். கறுப்பு ஜன்னலைத் திறந்து ஜாவாசி என்று அடித்து, கோப்பின் பெயரை அடித்து, பெரிய மனுஷியாக என்டரைத் தட்டினேன்.

வெள்ளைக் கோடு இறங்கி நின்று கண்ணடித்தது.

இது சரி என்று எனக்குத் தெரியும். முப்பது நாளாக இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து ஓட்டுவதற்கான கட்டளையை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கை போகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், விரல் தானாக மேல் அம்புக்குறியை அழுத்திப் பழைய கட்டளையையே மறுபடி கொண்டுவந்தது. என்டர். மௌனம். இன்னொரு முறை. மௌனம். பின்னால் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். நான்காவது, ஐந்தாவது. நாலேகாலுக்கு வீடு, பத்து நிமிட நடை, எல்லாம் என் கண் முன்னால் ரயிலேறிப் போய்க்கொண்டிருந்தன.

"மேடம், அது கம்பைல் ஆயிடுச்சு" என்றார் பெங்களூர்க்காரர், மெதுவாக.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, அந்த வெள்ளைக் கோட்டின் மேல். "அது சொல்லட்டும் சார்" என்றேன். சொன்ன வேகத்தில் கோப்பைத் திறந்து, ஒரு அரைப்புள்ளியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஜாவாசியைத் தட்டினேன். டிவி முழுக்க எர்ரர் என்று வந்தது.

தலைமை ஆசிரியை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, இன்னாமா எர்ரர்னு வருது?"

"நான்தான் மேடம் வர வச்சேன்."

"எதுக்கு?"

எதுக்கு என்று கேட்டதும் எனக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. இது தப்பு இருந்தால் மட்டும் பேசும், சரியாக இருந்தால் பேசாது, பேசாமல் இருந்தால் எல்லாம் சரியா அல்லது ஆளே இல்லையா என்று எப்படித் தெரியும், அதனால்தான் கிள்ளிப் பார்க்கிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். "எங்கப்பா வைண்டிங் டிரைவர் சார்" என்று முடித்தேன். பெங்களூர்க்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பேனா அந்தரத்தில் நின்றது.

ஆனால் பக்கத்து நாற்காலியில் தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இரு இரு. சிக்னல் குடுத்தா இது திருப்பிக் குடுக்காதா?"

"குடுக்காது சார்."

"அப்பறம் எந்த தைரியத்துல புள்ளைங்கள இதுல உடறது?" என்று அவர் பெங்களூர்க்காரரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். இந்தக் கம்பைலரைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்பதுபோல் கேட்டார்.

"சார், அது அந்த மாதிரிதான் டிசைன்…"

"தப்பு இருந்தாத்தான் பேசுமா? சரியா செஞ்சவனுக்கு ஒரு வார்த்த கெடையாதா?" என்று தலைமை ஆசிரியையும் சேர்ந்துகொண்டார். "இன்னா வளப்பு இது?"

"மேடம், அது புரோகிராம்…"

"இருக்கட்டுமே. வாயில இன்னா கொழுக்கட்டயா?"

என் காதில் தேன் பாய்ந்தது. கடைத்தெருவில் எனக்குக் கிடைக்காத நியாயம் கம்ப்யூட்டர் அறையில் கிடைத்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் விவாதம் நடந்தது. பதில் சொல்லாத மிஷினை வைத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கலாமா என்று கடிதம் எழுதிக் கேட்க வேண்டும் என்றார் தாளாளர். யாருக்கு எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பெங்களூர்க்காரர் தனியாக மாட்டிக்கொண்டு விழித்தார். கடைசியில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"மேடம், வெர்போஸ்னு ஒண்ணு இருக்கு. அதைப் போடுங்களேன், ப்ளீஸ்."

"தெரியும் சார். நீங்க சிரிப்பீங்கன்னுதான் போடல."

"நான் சிரிக்க மாட்டேன் மேடம். போடுங்க."

அரைப்புள்ளியைத் திருப்பி வைத்து, வெர்போஸ் சேர்த்து, தட்டினேன். டிவியில் வரிகள் ஓட ஆரம்பித்தன. படிக்கிறேன், ஏற்றுகிறேன், ஏற்றுகிறேன், ஏற்றுகிறேன், சரிபார்க்கிறேன். தாளாளர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். வீடு கிளாஸை எழுதிவிட்டேன் என்று வந்ததும், "ஆங், இப்ப சொல்லிச்சி பாரு" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமை ஆசிரியையும் தட்டினார். பெங்களூர்க்காரரும் வேறு வழியில்லாமல் தட்டினார். அதற்குள் பீரியட் முடிந்து மணி அடித்துவிட்டது. கம்பைல் செய்த புரோகிராமை ஓட்டிக் காட்ட மறந்தேபோனோம்.

தலைமை ஆசிரியையின் அறையில் என்னை உட்கார வைத்தார்கள். தாளாளர் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி, "நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்று கிளம்பிவிட்டார். பெங்களூர்க்காரர் தன் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். வெளியே கைதட்டியதெல்லாம் வேறு, இது வேறு என்று எனக்குத் தெரிந்தது.

"டீச்சிங் நல்லா இருக்கு" என்றார் அவர். "அந்த லைன் வீடு எக்ஸாம்பிள நான் என் கிளாஸ்ல யூஸ் பண்ணிக்கிறேன். மேடம் அந்த புரோகிராமை ஏழு தடவை கம்பைல் பண்ணாங்க. ஒரு தடவை வேணும்னே தப்பா. மீதி ஆறும் கரெக்ட்." கொஞ்சம் யோசித்தார். "ஆறு தடவை செக் பண்றவங்ககிட்ட பிள்ளைங்க கத்துக்கிட்டா தப்பில்ல. ஆனா ஒரு பீரியட்ல பாடம் முடியாது. அதை மட்டும் பார்த்துக்கணும்."

தலைமை ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "அப்ப திங்கக்கெழமையிலருந்து வந்துடறீங்களாமா?"

அந்தக் கேள்விக்காக ஒரு மாதமாகக் காத்திருந்தேன். வீட்டுக்குப் போய் எந்த வார்த்தையில் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நான்கு வருடம் நின்றுகொண்டே போன ரயில், அடுப்பு மேல் மூடியிருந்த சோறு, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் முதுகு, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தொண்டையில் வந்து நின்றுகொண்டன. மூக்கு அடைத்துக்கொண்டது. மேஜை மேல் இருந்த பூகோள உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாமா? வர்றீங்களா?" என்று அவர் மறுபடி கேட்டார்.

நான் உருண்டையை மெல்லச் சுற்றிவிட்டேன்.

"வேற எங்கியாவது வாக்கு குடுத்துட்டீங்களா?"

தலையாட்டலாம் என்றுகூடத் தோன்றவில்லை. தலைமை ஆசிரியையின் முகம் வாடிப்போயிற்று. இந்த ஊர்க்காரர் அல்லவா, பதில் வராத இடத்தில் அவர் மட்டும் எப்படிக் கால் வைப்பார்? மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மேலே இன்னொரு பெண்ணின் பெயரும் போன் நம்பரும் இருந்தன. "பதிலே சொல்ல மாட்டேன்றீங்களே. அப்ப அந்தப் பொண்ணுக்கு போன் போட்டுடட்டுமா?" என்று ரிசீவரைக் கையில் எடுத்தார். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியதே தவிர வாயிலிருந்து ஒரு எழுத்தும் வரவில்லை.

பெங்களூர்க்காரர் நோட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். எழுந்து, தலைமை ஆசிரியையின் கையிலிருந்து ரிசீவரை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார்.

"மேடம், அவங்க எஸ் சொல்லி ரொம்ப நேரமாச்சு" என்றார். "நீங்க ஆர்டரை டைப் பண்ணுங்க."